பழைய டி.ஜே. கன்ட்ரோலர் வாங்குமுன்

இராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தூரம். முகூர்த்த நாள் மாலையில் இந்தத் தூரத்தைப் பேருந்தில் கடந்து பாருங்கள். ஒரு மண்டபத்துப் பாட்டு காதை விட்டு அகலுமுன் அடுத்த மண்டபத்துப் பாட்டு வந்து சேரும். ஆடிப்பூரத் தேரோட்டத்திற்கும், பங்குனிப் பூக்குழிக்கும், தெருவுக்குத் தெரு நடக்கும் பொங்கலுக்கும் பாட்டு இல்லாமல் நம் ஊர்களில் எதுவும் நடப்பதில்லை. நம் தாத்தாக்கள் ‘ரேடியோ செட்’ என்றார்கள், அப்பாக்கள் ‘மைக் செட்’ என்றார்கள், நாம் ‘டி.ஜே.’ என்கிறோம். பெயர் மாறினாலும் வேலை ஒன்றே.

நம் கல்லூரி மாணவர்களில் பலர் விடுமுறை நாட்களில் சவுண்டு சர்வீஸ்காரர்களோடு ஒயர் இழுக்கவும் பெட்டி தூக்கவும் போகிறவர்கள். நானும் அவர்களில் ஒருவன். ஒயர் இழுப்பவனுக்கு ஒரு நாள் கூலி. கருவியின் முன் நின்று பாட்டை மாற்றுபவனுக்கு அதைப் போல் இரண்டு மூன்று மடங்கு. ஆகவே சொந்தமாக ஒரு கன்ட்ரோலர் வாங்கிப் பழக வேண்டும் என்ற ஆசை நம்மில் பலருக்கு உண்டு. புதிதாக வாங்கக் கையில் பணம் இல்லை. பழையது ஒன்றே வழி. அந்த வழியில் நான் ஒரு முறை இடறி விழுந்து, பிறகு எழுந்து நடந்தேன். அந்த அனுபவத்தோடு, இயற்பியல் வகுப்பில் கற்ற சில கணக்குகளையும் சேர்த்து இக்கட்டுரையில் தருகிறேன். நண்பர் ஒருவருடைய பணமாவது இதனால் தப்புமாயின் எழுதிய பயனை அடைந்தவன் ஆவேன்.

கருவி வந்த வழி

ஒலியைப் பதிந்து மீண்டும் ஒலிக்கச் செய்யும் கருவியை எடிசன் 1877-ஆம் ஆண்டில் உருவாக்கினார். பத்து ஆண்டுகள் கழித்து, 1887-இல், எமில் பெர்லினர் கிராமஃபோனுக்குக் காப்புரிமை பெற்றார். தட்டு வடிவ இசைத்தட்டின் காலம் அதிலிருந்து தொடங்கியது. அதன்பின் நெடுங்காலம், பாட்டைப் போடுபவரின் வேலை தட்டை வைப்பதும் எடுப்பதும்தான்.

1972-ஆம் ஆண்டில் ஜப்பானின் மட்சுஷிதா நிறுவனம் டெக்னிக்ஸ் எஸ்.எல்.-1200 என்ற சுழல்மேசையை வெளியிட்டது. அதில் மோட்டாருக்கும் தட்டுக்கும் இடையே ரப்பர் பட்டை கிடையாது. மோட்டாரே தட்டை நேராகச் சுழற்றியது. எனவே கையால் நிறுத்திவிட்டாலும், விட்டவுடன் பழைய வேகத்தை உடனே பிடித்துக்கொண்டது. மறு ஆண்டு, 1973 ஆகஸ்ட் 11 அன்று, நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில் கூல் ஹெர்க் என்ற இளைஞர் தம் சகோதரி ஏற்பாடு செய்த விருந்தில் பாட்டுப் போட்டார். ஒரே பாட்டின் இரண்டு தட்டுகளை இரண்டு மேசைகளில் வைத்து, தாளம் மட்டும் வரும் பகுதியை மாற்றி மாற்றி நீட்டிய அவருடைய முறையிலிருந்தே ஹிப்-ஹாப் இசை பிறந்தது என்பர். இரண்டு மேசை, நடுவில் ஒரு மிக்சர், காதில் ஒரு ஹெட்ஃபோன் என்ற அமைப்பு இவ்வாறு நிலைபெற்றது.

1979-இல் வந்த எஸ்.எல்.-1200-இன் இரண்டாம் வடிவத்தில், வேகத்தை 8 விழுக்காடு கூட்டவும் குறைக்கவும் ஒரு தள்ளுகுமிழ் வைத்தார்கள். 1983-இல் ‘மிடி’ என்ற பொதுமொழி வந்தது. ஒரு மின்னணு இசைக்கருவி மற்றொன்றோடு எண்களால் பேசும் முறை அது. 2001-இல் பயனியர் நிறுவனத்தின் சி.டி.ஜே.-1000, குறுந்தட்டையும் இசைத்தட்டைப் போலக் கையால் இழுத்து விளையாடலாம் என்று காட்டியது. இவை எல்லாவற்றையும் ஒரே பலகையில் அடக்கி, யு.எஸ்.பி. கம்பியால் கணினியோடு இணைத்ததே இன்றைய கன்ட்ரோலர்.

இங்கே ஒன்றை நன்கு மனத்தில் கொள்ள வேண்டும். கன்ட்ரோலருக்குள் பாட்டு இல்லை. பாட்டு இருப்பது கணினியில். அதை ஓட்டுவது மென்பொருள். கன்ட்ரோலர் என்பது வண்டியின் ஸ்டீயரிங், பிரேக், கியர் போன்றது. இன்ஜின் வேறிடத்தில் இருக்கிறது. ஸ்டீயரிங்கின் பளபளப்பைப் பார்த்து யாரும் வண்டி வாங்குவதில்லை. நான் அப்படித்தான் வாங்கினேன்.

நான் செய்த பிழை

முதலாண்டுக் கோடை விடுமுறையில் சத்திரப்பட்டிப் பக்கம் பேண்டேஜ் துணி நெய்யும் தறியில் வேலைக்குப் போனேன். வீட்டுக்குக் கொடுத்தது போக என் கையில் நின்ற தொகை 4,500 ரூபாய். வெளியூரில் ஒருவர் பழைய கன்ட்ரோலர் விற்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். இரண்டு பெரிய சுழல்தட்டுகள், வரிசை வரிசையாக வண்ண விளக்குகள். பொத்தானை அமுக்கினால் விளக்கு எரிந்தது. பேரம் பேசாமல் முழுத் தொகையையும் கொடுத்து வாங்கிவந்தேன்.

அந்தக் கருவியில் ஹெட்ஃபோன் துளை கிடையாது. அதை நான் ஒரு குறையாகவே எண்ணவில்லை. அக்காவுக்குப் பள்ளியில் கிடைத்த அரசு மடிக்கணினியில்தான் ஹெட்ஃபோன் துளை இருக்கிறதே என்று, அதிலிருந்து ஆம்பிளிஃபயருக்குக் கம்பி கொடுத்துவிட்டேன். வீட்டில் பழகும்போது தொல்லை ஒன்றும் தெரியவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு திருமண வரவேற்பு. செட் முதலாளி, “இன்னைக்கு நீ போடு, பாப்போம்” என்று இடம் கொடுத்தார். மணமக்கள் மேடை ஏறும் நேரம். ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருக்க, அடுத்த பாட்டைத் தேடினேன். பெயரைப் பார்த்து இதுதான் என்று நினைத்து இரண்டாம் பக்கத்துப் பொத்தானை அமுக்கினேன். அந்தப் பக்கத்தின் ஒலி குறைக்கப்படாமல் இருந்தது. மண்டபம் முழுவதும் கேட்டது ஓர் இழவு வீட்டுப் பாட்டு. மூன்று நொடிக்குள் நிறுத்திவிட்டேன். ஆனால் அந்த மூன்று நொடியில் மணப்பெண்ணின் அம்மா முகம் மாறியதை நான் பார்த்தேன். அன்றைய கூலியை நான் கேட்கவுமில்லை, அவர் கொடுக்கவுமில்லை.

அன்று இரவு சாமான்களை ஏற்றும்போது, இசைத்தட்டுக் காலத்திலிருந்து செட் போட்டுவரும் பெரியவர் ஒருவர் என் கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “தம்பி, செட்டு போடுறவனுக்கு ரெண்டு காதும் ஒரே வேலையப் பாக்கக் கூடாது. ஒரு காது ஊருக்கு, ஒரு காது அடுத்த பாட்டுக்கு. ஒன் மிசினுல அந்த ரெண்டாவது காதே இல்லையே!” என்றார்.

“அந்தக் காலத்தில ஹெட்ஃபோன் ஏது, அண்ணாச்சி?” என்று கேட்டேன்.

“தட்டுல கோடு பாத்தே பாட்டு எங்க ஆரம்பிக்குதுன்னு தெரிஞ்சுக்குவோம். சத்தத்தக் கொறச்சிட்டுத்தான் முள்ள வைப்போம். கேசட் வந்த பெறகு, சின்ன டேப்புல போட்டுக் காதோரம் வச்சுக் கேட்டுட்டுத்தான் பெரிய செட்டுல போடுவோம். கேக்காம ஊருக்குப் போட்டதே கெடையாது.”

எனக்கு விற்றவர் பொய் சொல்லவில்லை, நான்தான் கேட்கவில்லை. கண்ணுக்கு விலை கொடுத்தேன், காதுக்குக் கொடுக்கவில்லை. இக்கட்டுரை சொல்ல வருவதும் அதுவே.

இரண்டாவது காது

ஊருக்குக் கேட்கும் பாட்டு ஒரு வழியிலும், நமக்கு மட்டும் கேட்கும் அடுத்த பாட்டு வேறு வழியிலும் கணினியிலிருந்து வெளியே வர வேண்டும். ஒவ்வொன்றுக்கும் இடம், வலம் என இரண்டு தடம். ஆக நான்கு தடம் தேவை. மடிக்கணினியின் ஒரே துளையில் இரண்டு தடமே வரும். நான்கு தடம் தரும் சவுண்டு கார்டு கன்ட்ரோலருக்குள்ளேயே இருக்கிறதா என்பதுதான் நாம் கேட்க வேண்டிய முதற்கேள்வி.

இதை அறிய எளிய அடையாளம் உண்டு. ஹெட்ஃபோன் படம் போட்ட துளை ஒன்றும், பின்பக்கம் சிவப்பும் வெள்ளையுமான ஆர்.சி.ஏ. துளைகளும் இருந்தால், பெரும்பாலும் உள்ளே சவுண்டு கார்டு இருக்கிறது என்று கொள்ளலாம். யு.எஸ்.பி. துளை மட்டும் இருந்தால் இல்லை.

பெயரை வைத்து ஏமாறக் கூடாது. நியூமார்க் நிறுவனத்தின் மிக்ஸ்டிராக் 3, மிக்ஸ்டிராக் புரோ 3 என்ற இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். ‘புரோ’ என்ற சொல் உள்ளதில் சவுண்டு கார்டு உண்டு. அச்சொல் இல்லாததில் கிடையாது. பயனியரின் டி.டி.ஜே.-400 (2018) ஹெட்ஃபோன் துளையும் ஆர்.சி.ஏ. துளையும் கொண்டது. மறு ஆண்டு வந்த டி.டி.ஜே.-200 இவை இல்லாதது. செல்பேசியோடும் இணைத்து வீட்டில் பழகுவோர்க்கென அமைந்தது. அதில் பிரிப்புக் கம்பி ஒன்றைக் கொண்டு ஒரு தடத்தை ஊருக்கும், மற்றொரு தடத்தைக் காதுக்கும் பிரித்துக்கொள்ள வேண்டும். இது குறையன்று, நோக்கம் வேறு, அவ்வளவே. ஆனால் 400-இன் விலையைக் கொடுத்து 200-ஐ வாங்கினால் அது நம் குறை.

சவுண்டு கார்டு இல்லாத கருவியை ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் மனம் தளர வேண்டா. சில நூறு ரூபாய்க்கு விற்கும் சிறிய யு.எஸ்.பி. சவுண்டு கார்டை மடிக்கணினியில் செருகி, அதை ஊருக்கும், மடிக்கணினியின் சொந்தத் துளையைக் காதுக்கும் என மென்பொருளில் அமைத்துக்கொள்ளலாம். நான் நான்கு மாதம் இப்படித்தான் சமாளித்தேன். புளூடூத் ஸ்பீக்கரை மட்டும் இந்த வேலைக்கு நம்ப வேண்டா. அதில் ஒலி காதுக்குத் தெரியும் அளவுக்குப் பிந்தி வரும்.

சுழல்தட்டும் வேகக் குமிழும்

இரண்டு பாட்டுகளின் தாளத்தை ஒன்றாக்கி மாற்றுவதே டி.ஜே.யின் கலை. ஓடும் பாட்டு நிமிடத்துக்கு 126 தட்டு, அடுத்த பாட்டு 120 தட்டு என்று வைத்துக்கொள்வோம். அடுத்த பாட்டின் வேகத்தை 5 விழுக்காடு கூட்டினால் இரண்டும் சமமாகும். வேகக் குமிழின் எல்லை கூட்டல் கழித்தல் 8 விழுக்காடு எனில், 120 தட்டுப் பாட்டை 110.4 முதல் 129.6 வரை கொண்டுபோகலாம்.

இனி ஒரு நுட்பம். மிடி மொழியில் ஒரு சாதாரண அளவு 0 முதல் 127 வரை 128 படிகள் கொண்டது. மொத்தம் 16 விழுக்காட்டை 127 இடைவெளிகளாகப் பிரித்தால் ஒரு படி 0.126 விழுக்காடு. நமக்கு வேண்டிய வேகம் இரண்டு படிகளுக்கு நடுவே விழுந்தால் 0.063 விழுக்காடு பிழை நிற்கும். ஒரு நிமிடத்தில் அது சுமார் 0.04 நொடி விலகல். 120 தட்டுப் பாட்டில் ஒரு தட்டுக்கும் அடுத்ததற்கும் இடையே அரை நொடிதான். எனவே இந்த விலகல் பழகிய காதுக்கு இரட்டை அடியாகக் கேட்கத் தொடங்கும். நல்ல கருவிகள் இரண்டு மிடி எண்களைச் சேர்த்து அனுப்பி 16,384 படிகள் தருகின்றன. மலிவான கருவிகள் சிலவற்றில் 128 படிகளே உண்டு. அதனால் அவை உதவாதவை என்று பொருளல்ல. இரண்டு பாட்டும் சேர்ந்து ஒலிப்பது பெரும்பாலும் அரை நிமிடத்துக்கும் குறைவே; இடையில் சுழல்தட்டை விரலால் மெல்லத் தள்ளிச் சரிசெய்துகொள்ளலாம். ஆனால் அதற்குச் சுழல்தட்டு நல்ல நிலையில் இருக்க வேண்டும்.

“எல்லாவற்றிலும்தான் ‘சிங்க்’ பொத்தான் இருக்கிறதே, அதை அமுக்கினால் தாளம் தானே சேர்ந்துவிடுமே” என்று நண்பர்கள் கேட்கலாம். கணினியில் சீராக அமைத்த தாளத்துக்கு அது பொருந்தும். நம் ஊர் விழாக்களில் கேட்கப்படும் பாட்டுகளோ வேறு. டோலக்கும் தவிலும் உறுமியும் மனிதக் கையால் வாசிக்கப்பட்ட பழைய பாட்டுகளில், பல்லவிக்கும் சரணத்துக்கும் இடையே வேகம் சற்று ஏறும், சற்று இறங்கும். மென்பொருள் வரைந்த தாளக் கட்டம் பாதியில் வழுகிவிடும். மேலும், நம் குத்துப் பாட்டுகள் பல திஸ்ர நடையில் அமைந்தவை. மூன்று மூன்றாக ஓடும் அந்த நடையை மென்பொருள் சில நேரம் ஒன்றரை மடங்கு வேகம் என்று தவறாக எண்ணிவிடும். அப்போது ‘சிங்க்’ பொத்தான் உதவியாக இல்லாமல் உபத்திரவமாகிறது. ஆகவே நம் ஊரில் பாட்டுப் போட விரும்புபவன் வண்ணப் பொத்தான்களின் எண்ணிக்கையைப் பார்க்காமல், சுழல்தட்டையும் வேகக் குமிழையும் பார்த்து வாங்க வேண்டும்.

மென்பொருள்

கருவி எவ்வளவு நல்லதாயினும் நம் கணினியில் உள்ள மென்பொருள் அதை அறியாவிட்டால் அது வெறும் பலகை. சில கருவிகளை இணைத்தவுடன் அவற்றுக்குரிய மென்பொருள் இலவசமாகத் திறந்துகொள்ளும், டி.டி.ஜே.-400-ஐ இணைத்தால் ரெகார்ட்பாக்ஸ் அவ்வாறு திறக்கும். வேறு சிலவற்றோடு செராட்டோ மென்பொருளின் எளிய வடிவம் வந்தது. அந்த எளிய வடிவத்துக்கு முன்பு ‘இன்ட்ரோ’ என்று பெயர். 2018-இல் அதன் இடத்தில் ‘லைட்’ வந்தது. பழைய பெட்டியில் ஒட்டியிருக்கும் பெயரை மட்டும் நம்பாமல், இன்றைய மென்பொருளின் ஆதரவுப் பட்டியலில் அக்கருவி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விண்டோசில் தனி ‘டிரைவர்’ வேண்டும் கருவியாயின், நம் கணினியில் உள்ள விண்டோசுக்கு அது கிடைக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

பணம் இல்லாதவர்க்கு ஒரு நல்ல துணை உண்டு. மிக்ஸ் என்பது அதன் பெயர். எம், ஐ என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளுக்குப் பின் மூன்று எக்ஸ் எழுத்துகள் இட்டுத் தேட வேண்டும். அது முழுவதும் இலவசமான, மூலநிரல் திறந்த மென்பொருள். விண்டோஸ், லினக்ஸ், மாக் மூன்றிலும் ஓடும். பழைய கருவிகள் பலவற்றை அது அறியும். என் அக்காவின் மடிக்கணினியில் இன்றும் அதுதான் ஓடுகிறது.

பழைய மடிக்கணினியில் பாட்டு விக்கி விக்கி வந்தால், மென்பொருள் அமைப்பில் ‘பஃபர்’ அளவைக் கூட்ட வேண்டும். ஒரு நொடிக்கு 44,100 மாதிரிகள் என்ற கணக்கில், 256 மாதிரி பஃபர் சுமார் 6 மில்லி நொடித் தாமதம் தரும். 1,024 மாதிரி சுமார் 23 மில்லி நொடி. பின்னதில் கை சற்றுக் கனமாகத் தோன்றும். ஆனால் பாட்டு அறுபடாது.

விற்பவர் முன்னிலையில் செய்ய வேண்டிய சோதனை

பழைய கருவியைப் பார்க்கப் போகும்போது நம் மடிக்கணினி, நம் ஹெட்ஃபோன், நன்கு தெரிந்த இரண்டு பாட்டு ஆகியவற்றைக் கையோடு கொண்டுபோக வேண்டும். பகலில் போவது நல்லது. அரை மணி நேரம் சோதிக்க விடாதவரிடம் வாங்காமல் திரும்புவதே மேல்.

1. யு.எஸ்.பி. கம்பியைச் செருகி, துளையருகே மெல்ல அசைத்துப் பார்க்கவும். இணைப்பு அறுந்தால் துளையின் ஈயப் பற்று விட்டிருக்கிறது. சாதாரண யு.எஸ்.பி. 2.0 துளை தருவது 5 வோல்ட், 500 மில்லி ஆம்பியர். ஒரே துளையைப் பலவாகப் பிரிக்கும் ‘ஹப்’ வழியாக இணைக்காமல் கணினியில் நேராக இணைத்தே சோதிக்கவும்.

2. ஹெட்ஃபோன் செருகியைத் திருகிப் பார்க்கவும். ஒரு காது போய் ஒரு காது வந்தால் துளை தேய்ந்திருக்கிறது. அதிகம் உழைத்துத் தேய்வது இதுவே.

3. இரண்டு பக்கமும் ‘க்யூ’ பொத்தானை அமுக்கி, ஊருக்குக் கேட்காமல் காதுக்கு மட்டும் பாட்டு வருகிறதா என்று பார்க்கவும். மற்ற எந்தச் சோதனையை மறந்தாலும் இதை மறக்க வேண்டா.

4. ஒலிக் குமிழ்களை முற்றிலும் கீழே இறக்கவும். அப்போதும் மெல்லிய ஒலி கசிந்தால் குமிழ் தேய்ந்தது. நடுவில் உள்ள கிராஸ்ஃபேடரை இரு ஓரங்களுக்கும் தள்ளி இதே சோதனையைச் செய்யவும்.

5. மிடி எண்களைக் காட்டும் இலவச மென்பொருள்கள் உண்டு. அதைத் திறந்துவைத்து ஒவ்வொரு குமிழையும் மெதுவாக நகர்த்தவும். எண்கள் 0, 1, 2 என்று ஒழுங்காக ஏற வேண்டும். 40-லிருந்து 90-க்குத் தாவினாலோ, கையை எடுத்த பின்னும் எண் நடுங்கினாலோ உள்ளே தூசி அல்லது தேய்மானம்.

6. சுழல்தட்டின் மேற்பரப்பைத் தொட்டால் பாட்டு நிற்க வேண்டும். விட்டால் ஓட வேண்டும். தொடாமலே நிற்பதும், தொட்டும் நிற்காததும் உணர்பாகத்தின் கோளாறு. தட்டைச் சுற்றிவிட்டு உரசல் சத்தம் வருகிறதா என்றும் கேட்கவும்.

7. அதிகம் அடிபடும் ‘பிளே’, ‘க்யூ’ பொத்தான்களை ஐம்பது முறையாவது அமுக்கவும். ஒரு முறை அமுக்கினால் இரண்டு முறை வேலை செய்கிறதா என்று கவனிக்கவும்.

8. அடிப்பக்கத் திருகுகளைப் பார்க்கவும். தலை சிதைந்திருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள். ஏன் என்று கேட்கவும். வரிசை எண் அழிக்கப்பட்டிருந்தால், எவ்வளவு மலிவாயினும் வேண்டாம். திருட்டுப் பொருள் நம் படிப்பையும் கெடுத்துவிடும்.

குறை கண்டவுடன் வேண்டாம் என்று ஓடவும் வேண்டா. எந்தக் குறை எளியது, எது கடியது என்று அறிந்தால் அதுவே பேரத்துக்கு உதவும். தூசி படிந்த குமிழை மின்னணுப் பொருள்களுக்கான துப்புரவுத் திரவம் தெளித்துச் சரிசெய்யலாம். ஈயப் பற்று விட்ட யு.எஸ்.பி. துளையை செல்பேசி பழுது பார்ப்பவரே பற்றவைத்துத் தருவார். ஆனால் சுழல்தட்டின் உணர்பாகமும் சவுண்டு கார்டும் கெட்டிருந்தால், அது நம் கைக்கும் நம் ஊருக்கும் அடங்காத வேலை. அத்தகைய கருவியை இலவசமாகக் கொடுத்தாலும் யோசித்துத்தான் வாங்க வேண்டும்.

பணக் கணக்கு

கையில் உள்ள முழுத் தொகையையும் கருவிக்கே கொடுத்துவிடுவது தொடக்கநிலையாளர் எல்லாரும் செய்யும் தவறு. பத்துப் பங்கில் ஏழு பங்கு கருவிக்கு, இரண்டு பங்கு ஹெட்ஃபோனுக்கும் கம்பிகளுக்கும், ஒரு பங்கு பழுதுக்கு என்று பிரித்துக்கொள்வது என் அனுபவத்தில் சரியாக இருந்தது. முதற்கருவியை நட்டத்துக்கு விற்று, மேலும் ஆறு மாதம் சேர்த்து, 10,000 ரூபாயோடு இரண்டாம் முறை இறங்கினேன். வேலைக்காக வெளிநாடு போகும் இராஜபாளையத்து அண்ணன் ஒருவரிடம் 7,000 ரூபாய்க்குக் கருவி கிடைத்தது. கிராஸ்ஃபேடர் கசிந்தது, அதைக் காட்டியே 1,000 ரூபாய் குறைத்துக் கேட்டேன், அவரும் ஒப்புக்கொண்டார். காதை முழுவதும் மூடும் ஹெட்ஃபோன் 1,500. கம்பிகளும் செருகிகளும் 700. மீதி 800 ரூபாயில் திரவம் வாங்கிக் கிராஸ்ஃபேடரைச் சரிசெய்தது போக இன்னும் கொஞ்சம் கையிருப்பு இருக்கிறது.

காதை மூடும் ஹெட்ஃபோன் எதற்கு என்றால், ஒலி ஒரு நொடிக்குச் சுமார் 343 மீட்டர்தான் போகும். 17 மீட்டர் தள்ளி நிற்கும் பெட்டியிலிருந்து நம்மிடம் ஒலி வர 0.05 நொடி ஆகும். ஊர்ப் பெட்டியைக் கேட்டுத் தாளம் சேர்த்தால் அந்த அளவுக்குப் பிந்தியே சேர்ப்போம். எனவே தாளம் சேர்க்கும்போது இரண்டு பாட்டையும் ஹெட்ஃபோனிலேயே கேட்டுச் சேர்ப்பது முறை.

செட்டோடு இணைக்கும்போது

நம் ஊர் ஆம்பிளிஃபயர்கள் பெரும்பாலும் ஒரே தடம் கொண்டவை. கன்ட்ரோலரின் இரண்டு ஆர்.சி.ஏ. கம்பிகளில் ஒன்றை மட்டும் செருகினால், சில பழைய ஸ்டீரியோ பாட்டுகளில் பாதி வாத்தியம் காணாமற்போகும். மென்பொருளில் ‘மோனோ’ என்ற அமைப்பைப் போட்டுக்கொள்ளலாம். அல்லது மிக்சரின் இரண்டு துளைகளில் இரண்டையும் தனித்தனியே கொடுக்கலாம். மடிக்கணினிச் சார்ஜரைச் செருகியவுடன் ‘உம்ம்’ என்ற இரைச்சல் வந்தால் அது எர்த்துக் கோளாறு. கருவியின் கோளாறு என்று எண்ணி ஏமாற வேண்டா.

இன்னொன்றும் சொல்லத்தக்கது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி ஒலிபெருக்கிக்கு எழுத்து மூலம் அனுமதி வேண்டும். திறந்த வெளியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பொதுவாகத் தடை உண்டு. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டருக்குள் அமைதி காக்க வேண்டும். அனுமதி வாங்குவது முதலாளியின் பொறுப்பு என்று இருந்துவிடாமல் நாமும் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் எல்லாத் தெருவிலும் உண்டு என்பதை மாணவராகிய நாம் மறக்கலாகாது.

முடிவுரை

இதுவரை கூறியவற்றைச் சுருங்கச் சொன்னால்: முதலில் இரண்டாவது காது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடுத்து, சுழல்தட்டும் வேகக் குமிழும் செம்மையா என்று பார்க்க வேண்டும். பின்னர் நம் கணினியின் மென்பொருள் அக்கருவியை அறியுமா என்று பார்க்க வேண்டும். இந்த மூன்றும் சரியாக இருந்த பிறகே விளக்கையும் பொத்தானையும் பார்க்கலாம், பார்க்காமலும் விடலாம்.

சென்ற ஆடியில் எங்கள் தெருப் பொங்கலுக்கு நானே பாட்டுப் போட்டேன். அந்தப் பெரியவர் வந்து, பெட்டிக்கு முதுகு காட்டி உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். ஒரு பாட்டு முடிந்து அடுத்த பாட்டு வந்தது. அதன்பின் மற்றொன்று வந்தது. அவர் ஒரு முறையும் திரும்பிப் பார்க்கவில்லை. எழுந்து போகும்போது மட்டும், “இப்ப ரெண்டு காதும் கேக்குது போல!” என்று சொல்லிவிட்டுப் போனார்.

கருவி வாங்கப் புறப்படும் நண்பர்கள் தனியே போகாமல் என்னையும் அழைக்கலாம். என் ஹெட்ஃபோனோடு வருகிறேன்.